கால்பந்தில் பல இடத்தில் ஆடத் தெரிந்த முன்கள வீரர்: அணிக்கு அவரால் என்ன லாபம்?

அக்டோபர் 4, 2025, இரவு

நண்பர் ஒருவர் கேட்டது: "எங்கள் அணியில் ஒரு முன்கள வீரர். இடது விங் (இடது ஓரம்), வலது விங், ஸ்ட்ரைக்கருக்கு (முன்னணியின் நடுவில் நின்று கோல் அடிப்பவருக்கு) பின்னால், ஸ்ட்ரைக்கராகவே என்று எங்கே போட்டாலும் ஆடுகிறார். ஆனால் ஒரு சீசனுக்குப் பத்துப் பன்னிரண்டு கோலைத் தாண்டுவதில்லை. பயிற்சியாளரோ இவரை விடவே மாட்டேன் என்கிறார். ஒரே இடத்தில் நின்று இருபத்தைந்து கோல் அடிக்கிற ஒருவர் இருந்தால் இவர் எதற்கு?"

அவர் அடிக்கிற கோலை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குதான் கைக்கு வரும். அவர் நகர்ந்து இடம் விட்டதால் வேறொருவர் தனக்கு மிகப் பொருத்தமான இடத்தில் நிற்க முடிந்ததே, அது எந்தப் பட்டியலிலும் ஏறாது.

2009 மே 2, ரியல் மாட்ரிட் மைதானத்தில் பார்சிலோனா 6-2 என்று ஜெயித்த ஆட்டம். பார்சிலோனா பயிற்சியாளர் குவார்தியோலா மெஸ்ஸியை வலது விங்கிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்த நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, நடுவில் அதுவரை நின்றவர் எங்கே போனார்? சாமுவேல் எட்டோ. அந்த சீசனில் லீக்கில் மட்டும் 30 கோல் அடித்த ஸ்ட்ரைக்கர். அவர்தான் வலது விங்குக்குப் போனார். போய் சும்மா நிற்கவில்லை, அந்தப் பக்கத்து வேலையைச் செய்தார். அதே மாதம் ரோமில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 10-வது நிமிடத்தில் வலது பக்கத்தில் பந்தை வாங்கி உள்ளே வெட்டி முதல் கோலை அடித்தவரும் அவரே. அவரால் விங்கில் ஆட முடியாதிருந்தால், மெஸ்ஸியை நடுவில் வைக்க வேண்டுமானால் 30 கோல் அடித்தவரை பெஞ்சில் உட்கார வைத்திருக்க வேண்டும். எந்தப் பயிற்சியாளருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

அக்டோபர் 5

எட்டோவைப் பற்றி இன்னும் கொஞ்சம், நேற்று பாதியில் விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் அவர் இன்டர் மிலானில். பயிற்சியாளர் மொரீனியோ. 2010 ஏப்ரல் 28, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி இரண்டாம் ஆட்டம், எதிரில் அதே பார்சிலோனா. முதல் ஆட்டத்தை இன்டர் 3-1 என்று ஜெயித்திருந்தது. 28-வது நிமிடத்தில் இன்டரின் தியாகோ மொட்டா சிவப்பு அட்டை வாங்கி வெளியே. மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேர். எட்டோ அன்று ஆடியதை விங்கர் ஆட்டம் என்றே சொல்ல முடியாது, ஐந்தாவது பின்கள வீரர் மாதிரி தன் பெனால்டி பாக்ஸின் ஓரத்தில் கிடந்தார். 0-1 என்று தோற்றும் மொத்தத்தில் 3-2 என்று இன்டர் இறுதிக்குப் போனது, அங்கே மிலீட்டோவின் இரண்டு கோலில் கோப்பையும் வென்றது. மிலீட்டோ ஸ்ட்ரைக்கராகவே நிற்க முடிந்ததற்கு ஓரத்தில் ஓடிய எட்டோவும் ஒரு காரணம். இரண்டு வருஷம், இரண்டு அணி, இரண்டு கோப்பை. இரண்டிலும் உலகத்தரமான ஒரு ஸ்ட்ரைக்கர் இன்னொருவருக்காக ஓரத்துக்குப் போயிருக்கிறார்.

அக்டோபர் 5, மறுபடியும்

"அது தியாகம், திறமை இல்லை" என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். ஒத்துக்கொள்ள மாட்டேன். மனசு மட்டும் இருந்தால் போதுமென்றால் எல்லா ஸ்ட்ரைக்கரும் விங்கில் ஆடலாமே. இடம் மாறினால் உடம்பு நிற்கிற கோணம், பந்தை வாங்குகிற கால், கண் போகிற திசை எல்லாமே மாறும். இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன், விரிவாக நாளைக்கு.

அக்டோபர் 7

நான் ஒரு அமெச்சூர் அணியில் இடது விங்கில் ஆடி வந்தவன். விங்கில் நிற்பவனுக்கு ஒரு வசதி, எல்லைக்கோடு முதுகுக்குப் பின்னால் இருக்கும். அங்கிருந்து யாரும் வரப்போவதில்லை. பந்து வரும் முன்பே இடுப்பை மைதானம் பக்கம் திருப்பி நின்றால் மைதானம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கும், எதிரணியின் ஃபுல்பேக் (ஓரப் பின்கள வீரர்) எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், எந்தக் காலில் எடை போட்டு நிற்கிறார் என்பதெல்லாம் தெரியும்.

ஒருநாள் ஆள் இல்லை என்று என்னை ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் போட்டார்கள். முதல் பாஸ் வந்தது. எப்போதும் வாங்குவதுபோல் வாங்கினேன். பந்து காலில் படும் அதே நேரம் விலாவில் ஒரு முழங்கை, இடது பக்கமிருந்து ஒரு கால் நீண்டு பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. வந்தது யார் என்றே தெரியவில்லை. நடுவில் ஆபத்து எல்லாத் திசையிலிருந்தும் வரும். அங்கே ஆடிப் பழகியவர்களைக் கவனித்தால், பாஸ் கொடுப்பவரின் கால் பின்னுக்குப் போகும் நொடியில் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பார்கள், பந்து பாதித் தூரம் வந்ததும் மறு தோளுக்கு மேல் இன்னொரு பார்வை. பந்து காலுக்கு வரும்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று ஏற்கனவே முடிவாகியிருக்கும்.

அப்புறம் ஸ்ட்ரைக்கர் இடம். அங்கே கோல் முதுகுக்குப் பின்னால். பின்கள வீரரைக் கண்ணால் பார்க்க முடியாது, கையைப் பின்னால் கொஞ்சம் விட்டு அவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்று தொட்டே உணர வேண்டும். வலது பக்கம் அழுத்துகிறாரா, இடது பக்கம் திரும்பு.

மூன்றுக்கும் மூன்று வகையான பழக்கம். நான் நடுவில் ஓரளவு பழகுவதற்கே ஒரு சீசன் போய்விட்டது. இதையெல்லாம் ஒரே ஆட்டத்துக்குள் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து கையைக் காட்டியதும் மாற்றிக்கொள்கிறவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை வராமல் என்ன செய்யும்?

அக்டோபர் 9

மாற்று ஆட்டக்காரர் விதியை யாரும் பேசவில்லையே. 2020-ல் தற்காலிகமாக வந்த ஐந்து மாற்று விதி 2022-ல் நிரந்தரமானது. ஐந்து பேரை மாற்றலாம்தான், ஆனால் ஆட்டத்தை நிறுத்தி மாற்ற மூன்று தடவைதான் வாய்ப்பு, இடைவேளை தனி. ஒருவருக்குக் காயம் பட்டால் ஒரு வாய்ப்பு அதிலேயே போய்விடும். இந்த நிலைமையில் யாரையும் வெளியே எடுக்காமல் அணியின் வடிவத்தையே மாற்ற ஒருவர் உதவுகிறார் என்றால் அது கையில் கூடுதலாக ஒரு மாற்று இருப்பதற்குச் சமம்.

2014 உலகக் கோப்பையில் நெதர்லாந்தின் டிர்க் கைட். பிறவி ஸ்ட்ரைக்கர், லிவர்பூலில் வலது விங்கரானவர். மெக்சிகோவுக்கு எதிரான நாக் அவுட் ஆட்டத்தில் பயிற்சியாளர் வான் ஹால் அவரை விங்-பேக்காக (ஓரத்தில் தடுக்கவும் தாக்கவும் ஓடுபவராக) இறக்கினார். அணி 0-1 என்று பின்தங்கியிருந்தது. வெயில் கடுமை, தண்ணீர் குடிக்க ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்த இடைவெளியில் வடிவம் மாறியது, கைட் முன்னணிக்குப் போனார். 88-வது நிமிடத்தில் ஸ்னைடர், 90 நிமிடம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் பெனால்டியில் ஹன்டெலார், 2-1. கோல் இரண்டும் கைட் அடித்ததில்லை. ஆனால் தடுப்பாட்ட வடிவத்திலிருந்து தாக்குதல் வடிவத்துக்கு மாற இன்னொரு பின்கள வீரரை வெளியே எடுக்க வேண்டிய செலவு மிச்சமானது.

அக்டோபர் 10

"அப்படியென்றால் எத்தனை இடத்தில் ஆடுகிறாரோ அவ்வளவு மதிப்பா?" என்ற கேள்விக்கு: இல்லை. இதில் எனக்கே இரண்டு நாளாக யோசனை ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜெர்மனியின் தாமஸ் முல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். டிரிப்ளிங் (பந்தைக் காலோடு வைத்து ஆட்களைத் தாண்டுவது) பெரிதாக இல்லை, வேகமும் அப்படி ஒன்றும் இல்லை. 2014 உலகக் கோப்பையில் போர்ச்சுகலுக்கு எதிராக நடுவில் ஆடி மூன்று கோல். அரையிறுதியில் ஸ்ட்ரைக்கர் குளோசே நடுவுக்கு வந்ததும் முல்லர் வலது பக்கம், பிரேசிலுக்கு எதிரான அந்த 7-1 ஆட்டத்தில் 11-வது நிமிடத்தில் கார்னரிலிருந்து முதல் கோல், பக்கத்தில் ஆளே இல்லாமல் நின்று அடித்தார். 2019-20-ல் பயர்ன் மியூனிக் அணியில் சீசனின் தொடக்கத்தில் ஓரங்கட்டப்பட்டிருந்தவரைப் புதுப் பயிற்சியாளர் ஹன்சி ஃப்ளிக் வந்து ஸ்ட்ரைக்கர் லெவண்டோவ்ஸ்கிக்குப் பின்னால் நிறுத்தினார். அந்த சீசன் ஜெர்மன் லீக்கான பண்டஸ்லீகாவில் 21 அசிஸ்ட் (கோலுக்கான கடைசிப் பாஸ்), அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை.

கவனித்தால், முல்லர் எந்த இடத்தில் நின்றாலும் செய்வது ஒரே வேலைதான். இரண்டு பின்கள வீரர்களுக்கு நடுவில் "இவரை நீ பார்ப்பாயா நான் பார்க்கவா" என்று குழப்பம் வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, குழப்பம் தீர்வதற்குள் அங்கே போய்விடுவது. கைட் அப்படி இல்லை, இடத்துக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்கிறவர். இரண்டும் பல இடத்தில் ஆடும் திறமைதான், ஆனால் வேறு வேறு சங்கதி. முதல் வகை வீரரைப் பயிற்சியாளர் எங்கே வைத்தாலும் எதிரணிக்கு அதே தலைவலி, இடம் மட்டும்தான் புதுசு. இரண்டாவது வகை அணியின் ஓட்டையை அடைக்கும். என்னைக் கேட்டால் முதல் வகைதான் அரிது, விலையும் அதற்குத்தான் கூட இருக்க வேண்டும்.

அக்டோபர் 12

விலை என்று எழுதியதும் அர்ஜென்டினாவின் டி மரியா ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

2013-ல் ரியல் மாட்ரிட் கேரத் பேலை வாங்கியது. இடது பக்கம் ரொனால்டோ, வலது பக்கம் பேல். விங்கரான டி மரியாவுக்கு இடமில்லை. பயிற்சியாளர் அன்செலோட்டி அவரை நடுக்களத்தில் மூவரில் ஒருவராக்கினார். விங்கரின் ஓட்டம் அப்படியே இருந்தது, தொடங்குகிற புள்ளி மட்டும் முப்பது மீட்டர் பின்னால். 2014 மே, லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி, எதிரில் அட்லெட்டிகோ மாட்ரிட். கூடுதல் நேரத்தில் 110-வது நிமிடம், எல்லோர் காலும் ஓய்ந்துவிட்ட நேரம். டி மரியா இடது பக்கம் பந்தை எடுத்துக்கொண்டு ஆட்களைத் தாண்டி உள்ளே போய் அடித்ததைக் கோல்கீப்பர் காலால் தடுத்தார், மேலே எழும்பிய பந்தைப் பேல் தலையால் உள்ளே தள்ளினார். கோல் பேலின் பெயரில். ஆட்ட நாயகன் விருது டி மரியாவுக்கு.

அந்தக் கோடையிலேயே அவரை விற்றுவிட்டார்கள்! மான்செஸ்டர் யுனைடெட் கொடுத்தது ஏறத்தாழ 60 மில்லியன் பவுண்டு, பிரிட்டனில் அன்றைய உச்ச விலை. அங்கே இந்த வாரம் இந்த இடம், அடுத்த வாரம் அந்த இடம் என்று நகர்த்திக்கொண்டே இருந்தார்கள், ஒரே சீசனில் கிளம்பிவிட்டார். அதே ஆள், அதே கால். மாட்ரிட்டில் ஒரு குறிப்பிட்ட பிரச்சினைக்கு விடையாக அவரை நகர்த்தினார்கள், ஆகவே நிலைத்தார். மான்செஸ்டரில் அவரை நகர்த்தியதற்குப் பின்னால் அப்படி ஒரு திட்டம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

2022 உலகக் கோப்பை இறுதியில் அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி செய்ததைப் பாருங்கள். வழக்கமாக வலது பக்கம் ஆடுகிற டி மரியாவை இடது பக்கம் இறக்கினார். பிரான்ஸ் அதை எதிர்பார்க்கவே இல்லை என்பது முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. பெனால்டி வாங்கிக் கொடுத்தார், இரண்டாவது கோலை அவரே அடித்தார்.

அக்டோபர் 12, பின்குறிப்பு

அதே இறுதியின் மறுபக்கம்: 41-வது நிமிடத்திலேயே பிரான்ஸ் பயிற்சியாளர் டெஷாம் முன்கள வீரர்களான ஜிரூவையும் டெம்பெலேயையும் வெளியே எடுத்து எம்பாப்பேயை இடது விங்கிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். பலன் உடனே வரவில்லை. 80, 81-வது நிமிடங்களில் எம்பாப்பேயின் இரண்டு கோலாக வந்தது.

அக்டோபர் 15

பிரான்ஸ் முன்கள வீரர் கிரீஸ்மான் பெயரை இன்னும் யாரும் எடுக்காதது எனக்கு வருத்தம்தான். 2016 யூரோ கோப்பையில் 6 கோல் அடித்து, அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கியவர். 2022 உலகக் கோப்பைக்குப் போக்பாவும் கான்டேயும் காயத்தால் வரவில்லை, நடுக்களம் காலி. டெஷாம் கிரீஸ்மானைக் கீழே இறக்கினார். அந்தத் தொடரில் அவர் கோல் பூஜ்யம். "இவர் எதற்கு" என்று கேட்ட நண்பரே, இங்கிலாந்துக்கு எதிரான காலிறுதியை ஒரு தடவை முழுசாகப் பாருங்கள். 2-1 என்று பிரான்ஸ் ஜெயித்தது, இரண்டு கோலுக்கும் கடைசிப் பாஸ் அவருடையது. அதைவிட முக்கியம், பந்து இல்லாதபோது அவர் எங்கே ஓடுகிறார் என்பது. எம்பாப்பே பின்னால் ஓடி வராத பக்கத்தில் ஓட்டை விழும், அதை அடைக்க ஒரு நடுக்கள வீரர் நகர்வார், அப்போது நடுவில் விழுகிற ஓட்டையில் கிரீஸ்மான் வந்து நிற்பார். பந்து கிடைத்ததும் அதே ஆள் முன்னணி வீரனின் கண்ணோடு பாஸ் கொடுப்பார். சாதாரண நடுக்கள வீரருக்கு முதல் பாதி வேலை வரும், இரண்டாவது பாதி வராது.

அக்டோபர் 18

ஒரே இடத்தில் நின்று கோல் அடிப்பவரே மேல் என்று மான்செஸ்டர் சிட்டியின் ஸ்ட்ரைக்கர் எர்லிங் ஹாலண்ட் பக்கம் நிற்பவர்களுக்கு: 2022-23-ல் ஒரே இடத்தில் நின்று பிரீமியர் லீக்கில் 36 கோல், அணிக்கு மூன்று கோப்பை. மறுக்க என்ன இருக்கிறது? நெதர்லாந்து விங்கர் ராபனும் அப்படித்தான், வலது பக்கமிருந்து உள்ளே வெட்டி இடது காலால் அடிப்பார் என்று உலகத்துக்கே தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை. ஒரு வேலையை அந்த உச்சத்தில் செய்கிறவரை வேறு இடத்துக்கு நகர்த்துவது பாவம். ஆனால் அப்படிப்பட்டவர் ஒருவர் அணியில் இருந்தால் அவரைச் சுற்றியிருப்பவர்கள் நகரத் தெரிந்தவர்களாக இருந்தே ஆக வேண்டும். அர்ஜென்டினாவில் மெஸ்ஸி நடந்துகொண்டே ஆட்டத்தைப் படிக்க முடிந்தது என்றால் பக்கத்தில் ஹுலியன் அல்வாரெஸ் அந்த ஓட்டத்தையும் சேர்த்து ஓடினார். ஓடியதோடு நிற்காமல் அந்தத் தொடரில் 4 கோலும் அடித்தார்.

அக்டோபர் 21

இதுவரை அணியின் லாபத்தையே பேசினோம். ஆட்டக்காரருக்கு என்ன ஆகிறது?

கிறிஸ்டல் டன், அமெரிக்கா. 2015-ல் அந்நாட்டு மகளிர் லீக்கில் 15 கோல் அடித்து அதிக கோலுக்கான விருதும், சிறந்த வீராங்கனை விருதும் வாங்கிய முன்னணி வீராங்கனை. 2019 உலகக் கோப்பையில் தேசிய அணிக்கு அவர் ஆடியது இடது ஃபுல்பேக். கோப்பையை வென்றார்கள், அவரும் அந்த இடத்தில் அருமையாகவே ஆடினார். ஆனால் உலகம் பார்க்கிற மேடையில் அவருடைய கோல் அடிக்கும் கலை வெளியே வரவே இல்லை. முன்னணியில் ஆட்கள் நிறைய, பின்னால் ஆள் இல்லை, எல்லா இடத்திலும் ஆடத் தெரிந்தவர் பின்னால் போகிறார். எங்கே போட்டாலும் சமாளிப்பார் என்று பெயர் வாங்கிவிட்டால் அந்தப் பெயரே சங்கிலியாகிவிடும்.

சின்ன அளவில் இது எனக்கும் நடந்தது. நான் சொன்ன அந்த அணியில் யார் வரவில்லையோ அவர் இடத்தில் நான். வெள்ளிக்கிழமை வரை எங்கே ஆடப்போகிறேன் என்று தெரியாது. இடது விங்கில் எனக்கு இருந்த ஒரே நல்ல பழக்கம், ஃபுல்பேக் காலை மாற்றும் நேரம் பார்த்து வெளிப்பக்கம் போவது, அது கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கிவிட்டது. முன்னணியில் எல்லோரும் வந்துவிட்ட நாளில் பெஞ்சில் முதல் ஆளும் நான்தான். பயிற்சியாளர் கெட்டவர் இல்லை, அணிக்கு எது வசதியோ அதைச் செய்தார். ஆனால் "உன் இடம் இது, அவசரத்துக்கு மட்டும் அங்கே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி ஆடியிருப்பேன். அது இல்லாதபோது ஒப்புக்குச் சப்பாணி என்ற நினைப்பு வந்துவிடுகிறது, அந்த நினைப்பு முதல் டச்சிலேயே தெரியும்.

அக்டோபர் 22

இதனால்தான் டெம்பெலே கதை எனக்குப் பிடித்திருக்கிறது. 2022 இறுதியில் இடைவேளைக்கு முன்பே வெளியே எடுக்கப்பட்டவர் என்று மேலே எழுதினேன் அல்லவா, அதே டெம்பெலே. வலது விங்கர் என்றே எல்லோரும் எழுதி வைத்திருந்தோம். 2024-25 சீசனின் நடுவில் பாரிஸ் அணியில் (பிஎஸ்ஜி) பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே அவரை நடுவுக்குக் கொண்டுவந்தார், நிலையாக அங்கேயே வைத்தார். இரண்டு காலும் சரிசமமாக வரும், விங்கில் அது ஒரு கூடுதல் வசதி, நடுவிலோ அது பெரிய ஆயுதம், எந்தப் பக்கம் திரும்புவார் என்று பின்கள வீரருக்குக் கடைசி வரை தெரியாது.

2025 மே 31 சாம்பியன்ஸ் லீக் இறுதி, இன்டருக்கு எதிராக 5-0. அவர் பெயரில் ஒரு கோல்கூட இல்லை. ஆனால் இன்டர் கோல்கீப்பர் சோமர் பந்தை வைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு தடவையும் பெனால்டி பாக்ஸ் விளிம்பில் டெம்பெலே ஓட்டப் பந்தயத்தில் நிற்பவர்போலக் குனிந்து காத்திருப்பார். டுவேவின் முதல் கோலுக்கும் க்வாரட்ஸ்கேலியாவின் கோலுக்கும் பாஸ் அவருடையது. 2025 செப்டம்பரில், உலகின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருதும் அவருக்கே கிடைத்தது.

அக்டோபர் 26

மகனுக்குப் பன்னிரண்டு வயது, நாலு இடத்தில் மாற்றி மாற்றி ஆட வைக்கிறார்கள், கவலையாக இருக்கிறது என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். அம்மா, அந்த வயதில் கவலைப்பட ஒன்றுமில்லை, நல்லதுதான். நடுவில் ஆடும்போது தோளுக்கு மேல் பார்க்கும் பழக்கம் வரும், ஓரத்தில் ஆடும்போது ஒருவரைத் தனியாக எதிர்கொள்ளும் தைரியம் வரும், பின்னால் ஆடினால் முன்னணி வீரர் செய்யும் எது தனக்குத் தொல்லை கொடுக்கிறது என்று புரியும். பேல்கூட ஃபுல்பேக்காகத் தொடங்கியவர்தான். பதினாறு, பதினேழு வயதுக்கு மேல் மட்டும் பயிற்சியாளரிடம் நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: என் முதல் இடம் எது, என்னை இன்னொரு இடத்துக்கு நகர்த்தினால் அங்கே நான் செய்ய வேண்டிய ஒரு வேலை எது. பதில் தெளிவாக வந்தால் அந்த அணியில் தொடரலாம்.

கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீரர் ஆடாத ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். மற்ற முன்கள வீரர்கள் அதே இடத்தில் நிற்கிறார்களா, ஸ்ட்ரைக்கருக்கு அதே அளவு பந்து வருகிறதா, அறுபதாவது நிமிடத்துக்கு மேல் பயிற்சியாளர் வடிவத்தை மாற்ற முடிகிறதா. பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். அணியின் பெயரையும் சொன்னால் நானும் அந்த ஆட்டங்களைத் தேடிப் பார்க்கிறேன்.